வண்டிக் கூரையில் ஒரு ஓட்டை



நான் ஒரு டிபன் வண்டிக்குள் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிற போட்டோவை யாரோ நம் பள்ளி குரூப்பில் போட்டுவிட்டார்கள். அன்று முதல் ஒரே கேள்வி. "டீச்சர், ஹோட்டல் வெச்சுட்டீங்களா?" என்று ஒருத்தி. "சித்தி, இந்த வயசுல ஸ்டூல் மேல ஏறலாமா?" என்று அமெரிக்காவிலிருந்து அக்கா மகன். தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை. அதனால் இங்கேயே முழுக்க எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

அந்த வண்டி என் பழைய மாணவனுடையது. 1997-98-இல் எட்டாம் வகுப்பு. பெயரைச் சொல்லமாட்டேன். அவனுக்கே இஷ்டம் இருந்தால் கமெண்டில் வந்து சொல்லிக்கொள்ளட்டும். கூடப் படித்தவர்கள் இரண்டு பத்தி தாண்டினால் கண்டுபிடித்துவிடுவீர்கள். எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு வேலை செய்துகொண்டிருந்தான். கொரோனா சமயத்தில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள், இவனும் போனான். ஒரு பழைய குட்டியானை வண்டியை வாங்கி, பின்னால் தகரத்தில் பாடி கட்டி, டிபன் வண்டி ஆக்கினான். பாடியை அவனே கட்டினான். காலையில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இட்லி, பொங்கல், தோசை. திருவிழா நாட்களில் திருவேற்காடு, திருவள்ளூர், திருத்தணி என்று வண்டியோடு போய், அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து எழுந்து வருவார்கள். அவன் பரிமாறுவான், கல்லில் நிற்பது அவன் மனைவி. பெண் குழந்தை ஒன்று, அப்போது இரண்டாம் வகுப்பு.

2024 மே மாதம், அக்கினி நட்சத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் அந்த வண்டியைப் பார்த்து, ஒரு தோசை சாப்பிடலாம் என்று நின்றேன். மணி பத்து இருக்கும். தட்டை வாங்கப் போகிறேன், உள்ளே ஏதோ விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தால் அந்தப் பெண் கல்லுக்குப் பக்கத்தில் சரிந்து கிடக்கிறாள். நல்லவேளை, கல்லின் மேல் சாயவில்லை. நாலு பேராகச் சேர்ந்து கீழே இறக்கி, மர நிழலில் படுக்கவைத்து, ஈரத் துணியால் துடைத்து விசிறினோம். கண் விழித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். டாக்டரிடம் போனதில் உடம்பில் நீர் வற்றிப்போய்விட்டது என்றார். "அந்த அடுப்புச் சூட்டுல தினம் நிக்கக் கூடாதும்மா" என்றார். நிற்காமல் என்ன செய்வாள்?

மறுநாள் பார்க்கப் போனேன். "டீச்சர், வண்டிய வித்துடலாம்னு பாக்குறோம்" என்றாள். மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கிய கடனில் இன்னும் 14 தவணை பாக்கி. வண்டியை விற்றாலும் தவணை நிற்காது. ஃபேன் வைக்கலாமே என்று கேட்டேன். வைத்துப் பார்த்துவிட்டார்களாம். காற்று நேராக அடுப்பில் பட்டு தீ அலைகிறது, ஒருதரம் அணைந்தே விட்டது. கேஸ் திறந்திருக்க, தீ அணைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் ஃபேனை எடுத்துவிட்டார்கள்.

என் வீட்டில் பழைய ஆய்வகத் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அதை எடுத்துக்கொண்டு போய்க் கல் பக்கத்தில், அவள் நிற்கிற இடத்தில், தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே நிழலில் 38 டிகிரி, உள்ளே 47. காய்ச்சல் 39 டிகிரி வந்தாலே நாம் பதறுகிறோம்.

"கூரையைத் திறந்துவிடணும்டா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினான். தொழிற்சாலைக் கூரைகளின் மேல் வெள்ளி வெங்காயம் மாதிரி வரிசையாகச் சுற்றுமே, டர்போ வென்டிலேட்டர், அது. கரண்ட் வேண்டாம். வெளியே காற்று அடித்தால் சுற்றும், ஷெட்டுக்குள் மேலே தேங்கிய சூட்டை வெளியே இழுத்துவிடும். எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, சூடான காத்து மேல போவும்னு. காகிதப் பாம்பு..." என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. மெழுகுவர்த்திக்கு மேலே காகிதத்தைச் சுருளாக வெட்டி நூலில் தொங்கவிட்டால், பாம்பு மாதிரி தானாகச் சுற்றும். எல்லா வருஷமும் செய்து காட்டுவேன். அந்த வருஷம் இவன் பாம்பைக் கீழே இழுத்து, அது பற்றி எரிந்துவிட்டது. கையில் இரண்டு அடி கொடுத்து வெளியே நிறுத்தினேன். வேறு காகிதம் வெட்டி மற்றவர்களுக்குக் காட்டினேன். கூடப் படித்தவர்களுக்கு இப்போது ஆள் தெரிந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். குட்டியானையில் மேலே உருண்டு நிற்கிற டர்போ வைக்க முடியாது. ஓடுகிற வண்டி, மரக்கிளை இடிக்கும். நிற்கும்போது காற்றும் எப்போதும் இருக்காது. என் அக்கா மகனிடம் வீடியோவில் பேசும்போது சொன்னேன். அவன் காரின் பின்னால் கட்டி இழுக்கிற வீட்டு டிரெய்லர் வைத்திருக்கிறான். "சித்தி, இங்க எல்லா டிரெய்லர் கூரையிலும் இது இருக்கும்" என்று போனைத் தூக்கிக் காட்டினான். கூரையில் 14 இஞ்சுக்கு 14 இஞ்சு சதுர ஓட்டை. அங்கே அது பொது அளவாம். அதில் ஒரு சட்டம், உள்ளே 12 வோல்ட் விசிறி, மேலே தூக்கி மூடுகிற மூடி. "ஃபேன் போடும்போது அந்தக் கோடி ஜன்னலைத் திறந்து வெச்சுக்கணும் சித்தி" என்றும் சொன்னான். அதை நான் காதில் வாங்கவில்லை. அறிவியல் டீச்சருக்கே சொல்கிறானா என்ற நினைப்பு.

புதிதாக வாங்க விலை கட்டவில்லை. புதுப்பேட்டைக்குப் போய் இரண்டு நாள் அலைந்து, பழைய டூரிஸ்ட் வேனின் கூரையிலிருந்து கழற்றிய ஒன்றைப் பிடித்தான். மூடியும் சட்டமும் இருந்தன. விசிறி இலை பிளாஸ்டிக். அடுப்பு உள்ள வண்டிக்கு அது ஆகாது என்று தகர இலையாக மாற்றினான். கூரையில் ஓட்டை போடுவதற்கு முன்னால், பாடியை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் சிக்கல் வருமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உங்களில் யாராவது செய்வதாக இருந்தால் நீங்களும் முதலில் கேளுங்கள்.

அவன் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூலைமட்டம் வைத்துக் கோடு கீறினான். கூரையின் குறுக்குச் சட்டம் எங்கே போகிறது என்று தட்டிப் பார்த்து, இரண்டு சட்டத்துக்கு நடுவில் இடம் பிடித்தான். நாலு மூலையிலும் துளை போட்டு, பிறகு கோட்டோடு வெட்டினான். வெட்டிய விளிம்பை அரம் போட்டுத் தேய்த்து, துருப் பிடிக்காமல் ரெட் ஆக்சைடு அடித்தான். உள்பக்கம் ஒரு இஞ்சு சதுரக் குழாயில் சட்டம் செய்து ஓட்டையைச் சுற்றிக் கொடுத்தான். இல்லாவிட்டால் மெல்லிய தகடு விசிறி அதிர்வில் ஆடுமாம். கணக்கில் முப்பத்தைந்து வாங்கவே தவித்த பையன். கால் மில்லிமீட்டர் பிசகவில்லை.

மூடி வைப்பதில் ஒரு விஷயம் சொன்னான், எனக்குப் புதிது. கீல் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கவேண்டும். அப்போதுதான் மறந்துபோய்த் திறந்தபடி ஓட்டினாலும் எதிர்க்காற்று மூடியை அழுத்தும். கீல் பின்னால் இருந்தால் காற்று வாரிப் பிடுங்கிவிடும்.

மின்சாரத்துக்கு, விளக்குக்கென்று வைத்திருந்த தனி 12 வோல்ட் பேட்டரி. வண்டி ஸ்டார்ட் செய்கிற பேட்டரியைத் தொடவில்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். வயர் எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் முதலில் ஃபியூஸ் போகவேண்டும், வண்டி போகக்கூடாது.

சுவிட்சைப் போட்டோம். மேலேயிருந்து தூசியும் அரச்சருகும் எங்கள் தலையில் கொட்டின. விசிறி வெளியே தள்ளாமல் உள்ளே ஊதியது. நான் வாயைத் திறப்பதற்குள், "வயரை மாத்தணும் டீச்சர், டி.சி. மோட்டார்" என்று பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றினான். இப்போது புகை மேலே போனது. எல்லோரும் கைதட்டினோம். அந்தப் பெண் எனக்கு ஒரு நெய் தோசை போட்டாள்.

மறுநாள் தெர்மாமீட்டரைப் பார்த்தால் 45. அவ்வளவுதான்!

நான் நம்பவில்லை. கணக்குப் போட்டேன். உள்ளே 7 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி உயரம், மொத்தம் 210 கன அடி. விசிறி நிமிடத்துக்கு 210 கன அடி இழுத்தாலே நிமிடத்துக்கு ஒருமுறை காற்று முழுக்க மாறவேண்டும். தாளில் சரி. வண்டியில் சரியில்லை.

கண்டுபிடித்தது அவள். காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டே வண்டிக்குள் நடந்தவள், "டீச்சர், இங்க பாருங்க" என்றாள். பரிமாறுகிற ஜன்னல் பக்கம் ஊதுபத்திப் புகை நேராக மேலே ஏறி விசிறிக்குள் போகிறது. கல் இருக்கிற பின்மூலைக்கு வந்தால் புகை அங்கேயே சுருண்டு சுருண்டு நிற்கிறது. விசிறி ஜன்னலுக்கு மேலேயே அமைந்துவிட்டது. வெளிக்காற்று ஜன்னலில் நுழைந்து, கிட்டத்து வழியாக அப்படியே மேலே போய்விடுகிறது. அவள் நிற்கிற இடத்துக்கு வரவே இல்லை. அக்கா மகன் சொன்ன "அந்தக் கோடி ஜன்னல்" அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதற்கு நடுவில் எனக்கும் அவனுக்கும் வேறு ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவில், தரையை ஒட்டி, ஒரு திறப்பு வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் கேஸ். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவித் தேங்கும். கூரையில் எத்தனை விசிறி வைத்தாலும் அது காலடியில் கிடக்கும், ஒரு பொறிக்குக் காத்துக்கொண்டு. "கூரையில ஓட்டை போட்டாச்சு, இப்ப தரையிலயும் போடணுமா டீச்சர்? வண்டியா சல்லடையா?" என்று கேட்டான். உன் பெண் இதில் தூங்குகிறாள் என்றேன். பேசாமல் போய் வெட்டினான். பின்கதவின் அடியில், கூரை ஓட்டைக்குச் சமமான அளவுக்கு, எலி வராமல் வலை வைத்து.

அந்தத் திறப்புதான் எல்லாவற்றையும் சரி செய்தது. பரிமாறுகிற ஜன்னலின் ஷட்டரைப் பாதி இறக்கினோம். விசிறிக்கு வேறு வழியில்லாமல் பின்கதவின் அடியிலிருந்து காற்றை இழுத்தது. அந்தக் காற்று அவள் கால் பக்கம் நுழைந்து, முதுகைத் தொட்டு, அடுப்புச் சூட்டையும் வாரிக்கொண்டு மேலே போனது. தீயும் அலையவில்லை. தெர்மாமீட்டர் 41. கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்த பிறகு 40. வெளியே இருப்பதைவிடக் குறையாது. விசிறி குளிர வைக்கிற இயந்திரம் இல்லை, உள்காற்றை மாற்றுகிற இயந்திரம் மட்டும்தான். 47-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று அவளைத்தான் கேட்கவேண்டும். "புடவை முதுகுல ஒட்டல டீச்சர்" என்றாள்.

முதல் கோடை மழையில் சாம்பார் பாத்திரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் அவசரத்தில் சிலிக்கான் மட்டும் தடவியிருந்தான். தகரத்தில் எண்ணெய்ப் பசை வேறு, ஒட்டவில்லை. திரும்பவும் கழற்றி, சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, பியூட்டைல் டேப்பைச் சுற்றி வைத்து, அதன்மேல் சட்டத்தை அழுத்தித் திருகினான். திருகுத் தலைக்கு மேலும் விளிம்புக்கும் சீலண்ட். பிறகு கூரைமேல் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, நான் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். நீங்கள் பார்த்த போட்டோ அதுதான். அந்த நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்று போனில் சொன்னான். எங்கள் வீட்டு மாடிப்படியில்தான் ஒழுகியது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனார்கள். சி.டி.எச். ரோடு வழியாக வண்டி, மூன்று நாள் கடை, ராத்திரி அதிலேயே படுக்கை. முதல் ராத்திரி தூறல். ஜன்னலை இறக்கி, கதவைச் சாத்தி, விசிறியை மெதுவாக ஓடவிட்டுப் படுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை வேர்த்துக்கொட்டி அழுகிறாள். விசிறி சுற்றுகிறது, காற்று இல்லை. இவன் மோட்டார் போய்விட்டது என்று கழற்றக் கிளம்பியிருக்கிறான். அவள் எழுந்து பின்கதவுக்குப் போய், திறப்பின் முன்னால் இவன் சாய்த்து வைத்திருந்த அரிசி மூட்டையை நகர்த்தினாளாம். அடுத்த நிமிடம் காலில் சிலுசிலுவென்று காற்று.

"எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வருமா? ரெண்டாவது ஓட்டை போட்டாத்தான வரும்" என்றாளாம் அவனிடம்.

இதைக் கேட்டு நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். எண்ணெய் டின் என் சமையலறையிலும் இருக்கிறது. எனக்கு அது தோன்றவில்லை. எட்டாவதோடு நின்ற பெண்ணுக்குத் தோன்றியது.

வேறு வண்டி வைத்திருப்பவர்களும், மாடியில் ஷீட் போட்ட ரூமில் குடியிருப்பவர்களும் நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சில வார்த்தைகள். மேலே எவ்வளவு பெரிய ஓட்டையோ, அதே அளவு திறப்பு கீழே, எதிர்க்கோடியில் இருக்கட்டும். ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள், வெட்டிய பிறகு அல்ல. விசிறி இலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். அது தீப்பிடிக்கும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். மெதுவான வேகத்தில் 2 ஆம்பியர் என்றால் 8 மணி நேரத்துக்கு 16 ஆம்பியர்-மணி, பேட்டரி தாங்குமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். மிக முக்கியம், குளிருக்கோ கொசுவுக்கோ என்று மூடிய வண்டிக்குள் அடுப்பு, கரி எதையும் கொளுத்தி வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, எழுப்பாது.

வண்டியை விற்கவில்லை. தவணை எல்லாம் கட்டி முடித்துவிட்டார்கள். அவள் காலையில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுத்தான் கல்லில் நிற்கிறாள், அதற்கு நான் பொறுப்பு.

ஒருநாள் அவனிடம் கேட்டேன். "அன்னைக்கு உன்னை வெளியே நிறுத்திட்டேனேடா, பாம்பு சுத்தினதை நீ பார்க்கவே இல்லையே?"

"ஜன்னல் வழியா பாத்தேன் டீச்சர். வெளியில இருந்து நல்லா தெரிஞ்சிச்சு" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் தோசை இறங்கவில்லை. அடித்தது தப்புடா என்றேன். "அட விடுங்க டீச்சர்" என்று சட்னி ஊற்றினான். அவன் விட்டுவிட்டான். நான் இங்கே எழுதிவைக்கிறேன், இவனைப்போல வெளியே நின்ற மற்றவர்களும் படிப்பார்கள் என்பதற்காக.

அடுத்த முறை போனபோது பழைய கேலண்டர் அட்டையில் ஒரு பாம்பு வெட்டிக்கொண்டு போய், அவன் பெண்ணிடம் கொடுத்தேன். அடுப்புக்கு எட்டாத தூரத்தில், விசிறிக்குக் கீழே நூலில் கட்டியிருக்கிறாள். வண்டி நிற்கிற நேரமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பக்கம் போனால் நின்று சாப்பிடுங்கள். பழைய மாணவன் என்று சொல்லி ஓசியில் சாப்பிடாதீர்கள். நானே காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்